முதுகில் எழுதிய பெயர்

1997 ஆகஸ்ட் 25
ஹங்கேரி

அன்புள்ள செவ்ஜித் அக்காவுக்கு,

கோடையைச் சுகமாகக் கழித்தீர்களா? ஆடுகளுக்குக் கொழுப்பு ஏறியிருக்கிறதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி? உங்கள் தம்பி கல்சன் இங்கே குத்துக்கல்லாக இருக்கிறேன்.

இந்த ஊர்க்காரர்கள் தேநீரில் உப்பும் போடுவதில்லை, பாலும் ஊற்றுவதில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறார்கள். முதல் நாள் அதைக் குடித்துவிட்டு அழுகை வந்துவிட்டது. ஆனால் கால்பந்து மைதானத்தைப் பார்த்திருக்க வேண்டும் அக்கா! நம் மேய்ச்சல் நிலத்து ஆடுகள் இத்தனை புல்லை ஒரு கோடையிலும் தின்றிருக்காது. இடது ஓரத்தில் என்னை ஓட விடுகிறார்கள். எண் பதினொன்று.

ஒரு விஷயம். திட்டாதீர்கள். சட்டையில் பெயர் அச்சடிக்கிற கிழவருக்குக் கொஞ்சம் ரஷ்யன் வரும். என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்க ஊர்ல முன்னாடி வர்றதுதான் குடும்பப் பேரு. அதையே முதுகுல போட்டுட்டேன். சரிதானே?" என்றார். நம் ஊரில் முன்னால் வருவது அப்பா பெயர், பின்னால் வருவதுதான் என் பெயர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சட்டையை விரித்துவிட்டார். நீலத் துணியில் வெள்ளை எழுத்து. அப்பா போனதிலிருந்து பத்தொன்பது மாதமாக நம் வீட்டில் யாரும் வாயால் சொல்லாத பெயர். சரிதான் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை. பயப்படாதீர்கள்.

அம்மாவின் கன்னத்தை எனக்காக முகர்ந்துகொள்ளுங்கள்.
கல்சன்


செப்டம்பர் 21

என் தம்பி கல்சனுக்கு,

வெளிநாட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? இருமல் இல்லையே? இங்கே எல்லோரும் நலம். இலையுதிர் முகாமுக்கு மாறிவிட்டோம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை.

உன் கடிதத்தை லாரிக்காரர் சிமித் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சட்டை விஷயம் வந்ததும் தாண்டிப் போய்விட்டேன். "ஏண்டி முழுங்குற? படி" என்றாள். படித்தேன்.

லாமா சொன்னதை மறந்துவிட்டாயா? மூன்று வருஷம் அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது, கூப்பிட்டால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார் என்றாரே. சிமித்தின் மகனுக்கும் அதே பெயர் என்பதால் அவனைக்கூட 'கடினப் பெயர்க்காரன்' என்றுதானே கூப்பிடுகிறோம். நீ போய் ஊருக்கே படிக்கக் கொடுத்திருக்கிறாய்.

அம்மா திட்டவில்லை. அடுப்பில் ஒரு வறட்டியைப் போட்டுவிட்டு, "ஆட்டம் பாக்க எத்தனை பேரு வருவாங்களாம்?" என்று மட்டும் கேட்டாள். முடிந்தால் மாற்றிவிடு. உலர்ந்த தயிர்க்கட்டி ஒரு பை அனுப்பியிருக்கிறேன். பல்லை உடைத்துக்கொள்ளாதே.

அக்கா செவ்ஜித்


அக்டோபர் 13

அக்காவுக்கு வணக்கம்.

குளிர் தொடங்கியிருக்குமே. சாண வறட்டி போதுமான அளவு சேர்த்தாயிற்றா? தயிர்க்கட்டி வந்தது. பயிற்சியாளருக்கு ஒன்று கொடுத்தேன். கூழாங்கல் என்று நினைத்து ஜன்னலில் வைத்திருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லுங்கள், நாலாயிரம் பேர் வருகிறார்கள்! செப்டம்பர் பதினாலாம் தேதி என் முதல் கோல். அக்டோபர் ஐந்தில் ஒன்று. நேற்று இரண்டு. இங்கே கோல் விழுந்ததும் ஒலிபெருக்கிக்காரர் பெயரைச் சொல்வார், கூட்டம் மொத்தமும் திருப்பிச் சொல்லும். நாலாயிரம் தொண்டை அக்கா. அந்தப் பெயரை. அதைக் கேட்டதும் என் கால் தரையில் பாவுவதில்லை. எட்டு வயதில் அப்பா என்னைக் குதிரைமேல் தூக்கிப் போட்டுவிட்டு அதன் பின்புறத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாரே, அதே மாதிரி யாரோ முதுகில் தட்டுகிறார்கள்.

மாற்றச் சொல்கிறீர்கள். கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் சட்டை எல்லாம் அச்சடித்தாகிவிட்டது. லாமாவுக்கு ஹங்கேரி எங்கே இருக்கிறது என்று தெரியுமா? இத்தனை தூரத்தில் கத்தினால் அங்கே கேட்கவா போகிறது?

உங்கள் இருவர் நலத்தையும் விரும்பும்
கல்சன்


நவம்பர் 9

தம்பிக்கு,

நலமா? நாங்களும் நலம். முதல் பனி விழுந்துவிட்டது.

உன் ஆட்டம் எந்தக் கிழமை, எந்த நேரம் என்று சரியாக எழுது. கோல் போட்ட தேதி எல்லாவற்றையும் எழுது. ஒன்று என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு. மறந்துவிடாதே.

நம் நாய்க்கு ஒன்றுமில்லை. குரைப்பதைத்தான் குறைத்துக்கொண்டிருக்கிறது.

செவ்ஜித்


நவம்பர் 30

அன்பு அக்காவுக்கு,

கை கால் சுகம்தானே? கடிதம் ஏன் இத்தனை சின்னது? சிமித் அவசரப்படுத்தினாரா, இல்லை தம்பி மேல் கோபமா? நாயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

கேட்டது இதோ: ஆட்டம் ஞாயிறு காலை பத்தரைக்கு. உங்களுக்கு அது மாலை, ஆடுகள் திரும்புகிற நேரம். ஏற்கெனவே எழுதியவை போக, நவம்பர் இரண்டில் இரண்டு கோல். இனி குளிர்கால விடுமுறை. மார்ச் பதினைந்தாம் தேதிதான் அடுத்த ஆட்டம். அன்றைக்குத் தலைநகரத்திலிருந்து பெரிய அணியின் ஆள் ஒருவர் என்னைப் பார்க்க வருகிறாராம். எடுத்துக்கொண்டால் உங்கள் தம்பியைக் கையில் பிடிக்க முடியாது! அம்மாவுக்கு நகரத்தில் மாடி வீடு வாங்கித் தருவேன், வெந்நீர்க் குழாயுடன்.

பெயரை மாற்றுவது பற்றி இன்னும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கேட்க மனம் வரவில்லை.

கல்சன்


டிசம்பர் 22

தம்பி கல்சனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை. இனி ஒளிக்காமல் எழுதுகிறேன்.

செப்டம்பர் பதினாலாம் தேதி பால் கறந்துகொண்டிருந்தேன். வடக்கு மேட்டின்மேல் யாரோ குதிரையில் வருகிற சத்தம். "நாயைப் பிடிங்க!" என்று ஒரு குரல். விருந்தாளி வருகிறார் என்று நாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை. அக்டோபர் ஐந்தில் அதே குரல், கிணற்றடியில். பன்னிரண்டாம் தேதி இரண்டு தடவை. நவம்பர் இரண்டில் குதிரை கட்டுகிற கயிற்றருகில், இரண்டு தடவை. ஒவ்வொன்றையும் நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. தரையில் குளம்படி எதுவும் இல்லை. நாய் குரைக்காது, வயிறு தரையில் பட ஊர்ந்துபோய் வாலை ஆட்டும். நம் நாய் யாருக்கு அப்படிச் செய்யும் என்று உனக்குத் தெரியும்.

குரலும் எனக்குத் தெரியும்.

எனக்குப் பயம் அவரை நினைத்து இல்லை. அம்மாவை நினைத்துத்தான். நவம்பரில் தலை வாரி, அவருடைய கிண்ணத்தைக் கழுவி, தேநீர் ஊற்றி வைத்தாள். இப்போது உனக்கு விடுமுறை. குரல் இல்லை. அம்மா சாப்பாட்டைத் தொடுவதில்லை. மார்ச் எப்போது வரும் என்று விரலை மடக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் கண்ணில் நான் இல்லை தம்பி. அடுத்த தடவை அவர் வாசலுக்கு வந்துவிடுவார். வந்தால் அம்மா போய்விடுவாள்.

பெயரை எடுத்துவிடு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எடுத்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் அக்கா


ஜனவரி 19

என் மகன் கல்சனுக்கு அம்மா எழுதுவது,

நலமாக இரு. உன் அக்கா ஆடு பார்க்கப் போயிருக்கிறாள். சிமித் வாசலில் நிற்கிறார். என் எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே.

செவ்ஜித் உனக்கு என்ன எழுதியிருப்பாள் என்று தெரியும். நீ அவள் சொல்வதைக் கேட்காதே. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் பக்கத்தில் படுத்தவர் இல்லாமல் இந்தக் குளிரில் தூங்குவது எப்படி என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

அவர் போன அன்று காலையில் நான் அவரோடு சண்டை போட்டேன். புயல் வருகிறது, குதிரைகள் போனால் போகட்டும் என்றேன். கேட்கவில்லை. கோபத்தில் தேநீர் ஊற்றிக் கொடுக்காமல் அனுப்பினேன். மூன்றாம் நாள்தான் பனியில் உறைந்து கிடைத்தார். ஒரு கிண்ணம் தேநீர் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பெயரை எடுக்காதே. நன்றாக ஓடு. நிறைய கோல் போடு.

உன் தலையை முகர்கிறேன்.
அம்மா


மார்ச் 9

அக்காவுக்கு,

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு உங்களையும் அம்மாவையும் இங்கிருந்தே இரு கை நீட்டி வணங்கினேன். எத்தனை பேர் வந்தார்கள்? மாவுப் பணியாரம் எத்தனை அடுக்கு வைத்தீர்கள்?

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இன்னொரு கடிதமும் வந்தது. யார் எழுதினார் என்று கேட்காதீர்கள்.

சட்டைக் கிழவரிடம் போனேன். "பேரை எடுக்கணும் ஐயா" என்றேன். "யோவ், வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய இடத்து ஆளு வர்றான். குறிப்புப் புத்தகத்துல உன் பேரை எழுதி வச்சுக்கிட்டுத் தேடுவான். சட்டையில அது இல்லேன்னா, யாருன்னு உன்னைக் கண்டுபிடிப்பான்? அந்த ஆட்டம் முடியட்டும். திங்கக்கிழமை நானே பிரிச்சுடறேன்" என்றார்.

ஒரே ஒரு ஆட்டம் அக்கா. பத்தொன்பது வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு ஞாயிறு எத்தனை தடவை வரும்? கோல் போடாமலே நன்றாக ஆட முடியும், பந்தை மற்றவர்களுக்குக் கொடுப்பேன். திங்கட்கிழமை கட்டாயம் எடுத்துவிடுகிறேன். அன்றைக்கு மட்டும் அம்மாவை விட்டு எங்கும் போகாதீர்கள்.

இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

கல்சன்


மார்ச் 24

கல்சன்,

நீ நலமா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

மார்ச் பதினைந்தாம் தேதி நீ மூன்று கோல் போட்டாய். இல்லையா?

அன்று காலையிலிருந்தே அம்மா பண்டிகைப் பட்டு அங்கியில் இருந்தாள். கொழுத்த ஆட்டின் வால் பக்கத்தை வேக வைத்தாள். நானும் தடுக்கவில்லை. ஜனவரியிலேயே உனக்குக் கடிதம் கிடைத்திருக்கும், பெயரை எடுத்திருப்பாய், யாரும் வரப் போவதில்லை, காத்திருந்து ஏமாறட்டும், அழுது தீர்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். கயிற்றருகில் கூப்பிட்டார். "நாயைப் பிடிங்க!" அம்மா தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் கூப்பிட்டார். சேணத்தின் தோல் கிறீச்சிடுவது எனக்குக் கேட்டது. மூக்குப் பொடி வாசனை வந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது கதவு திறந்திருந்தது. யார் திறந்தது என்று தெரியவில்லை. வெளியே வெறும் பனி.

"வர்றேன், வர்றேன். அப்படி என்ன அவசரம்?" என்றாள் அம்மா. தினமும் அவருக்குச் சொல்கிற அதே பதில். கிண்ணத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். நான் அவள் அங்கியைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "விடுடி செவ்ஜித். உங்கப்பாவைக் குளிர்ல நிக்க வைக்கிறியா?"

விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று கேட்காதே. அவளை அந்தச் சிரிப்போடு நான் பார்த்தே இரண்டு வருஷமாகிறது.

வந்த குதிரை ஒன்று. போன சத்தம் இரண்டு குதிரை. ஓடிப்போய் நம் குதிரைகளை எண்ணினேன். எல்லாம் கட்டின இடத்தில் நின்றன.

மறுநாள் காலை சிமித்தும் நானும் தேடிப் போனோம். வடக்கு மேட்டுக்கு அப்பால், அவர் கிடைத்தாரே, அதே பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குதிரையில் ஒன்றரை மணி நேரத் தூரம். கன்னம் இரண்டும் காற்றில் சவாரி செய்தவளைப் போலச் சிவந்திருந்தன. சிமித் அவள் காலணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடிப்பக்கம் நனையவே இல்லையேம்மா" என்றார். கிண்ணம் அம்மாவின் மடியில் இருந்தது. காலியாக.

லாமா வந்து செய்ய வேண்டியதைச் செய்தார். இனி நம் வீட்டில் சொல்லக் கூடாத பெயர் இரண்டு.

செவ்ஜித்


மே 3
(இனி உறையின் பின்னால் உள்ள முகவரிக்கு எழுதுங்கள்)

அக்கா,

தனியாக எப்படி இருக்கிறீர்கள்? குட்டிகள் எத்தனை பிழைத்தன?

மூன்றுதான். போடக் கூடாது என்று போனேன். பந்து காலுக்கு வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்று போனேன். முதல் கோல் தானாக விழுந்தது. அந்தப் பெயரை நாலாயிரம் பேர் கத்தினார்கள். அதற்கப்புறம் எனக்கு வீடும் நினைவில்லை, நீங்களும் நினைவில்லை. இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும், இன்னும் ஒரு தடவை, அவ்வளவுதான் தெரிந்தது. திங்கட்கிழமை பெயரை எடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் ஏப்ரலில் வந்தது.

அம்மாவைக் கொன்றது நான்தான் அக்கா. ஒரு பெரிய அணிக்காக.

பெரிய அணி பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். இங்கே நான் சௌகரியமாக இருக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை. என்னை மன்னிக்க வேண்டாம், ஒரு வரி மட்டும் எழுதுங்கள்.

கல்சன்


ஜூன் 8

என் தம்பி கல்சனுக்கு,

சாப்பிடுகிறாயா? மெலிந்துவிட்டாயா? இங்கே மழை நன்றாகப் பெய்தது. நாற்பத்தொரு குட்டி பிழைத்தது. அம்மா இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பாள்.

நீ எழுதாததையும் படித்துவிட்டேன். உன் உறை கொழுப்பு வாடை அடிக்கிறது. இறைச்சிக் கிடங்கில் வேலை பார்க்கிறாய். பெரிய அணியும் எடுக்கவில்லை, பழைய அணியும் வைத்துக்கொள்ளவில்லை. முதுகில் யாரும் தட்டவில்லை என்றதும் உன் கால் ஓடவில்லை. சரியா?

நீ கொலைகாரன் இல்லை. பிடித்திருந்த அங்கியை விட்டவள் நான். இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வோம். அதோடு அந்தப் பேச்சு போதும்.

சிமித், "எங்க கூடாரத்துக்குப் பக்கத்துலயே உன்னுதையும் போட்டுக்கோ. ஒத்தப் பொம்பளை எத்தனை நாள் மலையோட பேசிக்கிட்டிருப்பே?" என்கிறார். நல்ல மனிதர். போக மாட்டேன். இடத்தை மாற்றிவிட்டால் வருகிறவர்களுக்கு வழி தெரியாது.

ஆனால் யாரும் வருவதில்லை. ஞாயிறு தவறாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி எதற்கு வரப் போகிறார்? பயந்து பயந்து நான் குறித்து வைத்த அந்த நாட்களைத்தான் இப்போது தினமும் எடுத்துப் பார்க்கிறேன். அப்போது இந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது தம்பி. வாய்விட்டுச் சொல்கிறேன். கூப்பிடும்போது அவர் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. போகும்போது அம்மா என்னை வா என்று சொல்லவில்லை.

நீ மறுபடியும் ஆட வேண்டும். ஏதாவது ஒரு சின்ன ஊர் அணி போதும், ஐம்பது பேர் பார்க்க வந்தால் போதும். முதுகில் என்ன போட வேண்டும் என்று கேட்பார்கள். அம்மாவின் பெயரைச் சொல். அது சின்னப் பெயர்தான், அந்த ஊர் வாயிலும் சுலபமாக நுழையும். இங்கே நான் எழுதவில்லை. உனக்குத் தெரியும்.

ஒரு கோல் போட்டுவிட்டு நிறுத்திவிடாதே. மேட்டுமேல் வந்து நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். மூன்று போடு.

நான் தலை வாரிக்கொண்டு தயாராக இருப்பேன்.

உன் அக்கா
செவ்ஜித்